சுரத்தைப் பதிப்பித்தல்: சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியின் தமிழ்ப் பதிப்பை முன்வைத்துச் சில கருத்துக்கள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியில், அக்குறணையைக் கடந்து சிறிது தூரத்தில் அமைந்துள்ளது அலவத்துகொடை. மேலைத்தேய இசையை நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அங்கு வாழ்கின்றார். அவரது மேசைமீது இருவகை நூல்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு சென்ற ஆண்டு எமக்குக் கிட்டியது. ஒன்று, ஒஸ்திரிய நாட்டு இசையாசிரியர் ஜோசப் ஹைடன் (1732–1809) பியானோ, வயலின், செலோ ஆகிய மூன்று கருவிகளுக்குமென இயற்றிய மூவிசைகளின் பதிப்பு, எச். சி. ரொபின்ஸ் லாண்டன் என்னும் ஆய்வாளர் பரிசோதித்துக் கொடுக்க, வியன்னாவின் டொப்லிங்கர் பதிப்பகத்தார் 1970களில் வெளியிட்டது. மற்றையது, சுப்பராம தீட்சிதர் 1904 ஆம் ஆண்டில் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யின் தமிழ்ப் பதிப்பு, பி. ராஜம் ஐயர், எஸ். ராமநாதன் ஆகிய இருவரையும் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னை மியூசிக் அகாடமியார் 1961 முதல் 1983 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது எழுந்த வினாக்களே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

இசைத் துறையாளர் மட்டுமே இதிற் கவலைகொள்ள வேண்டும் என்று கருதுவோர் இருக்கக்கூடும். தமிழ்த்துறைகளில் ‘பதிப்பு’ என்றதும் ஏடும் பாடபேதமுமே நினைவுக்கு வருகின்றன. ஆறுமுக நாவலரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும், உ. வே. சாமிநாதையரும் வகுத்த வழி அது. ஆயின் அவர்கள் பதிப்பித்த நூல்களிற் பெரும்பகுதி பாடப்பட்டவை என்பதையும், பாடபேதம் சொல்லுக்கு மட்டுமன்றிச் சுரத்துக்கும் உண்டு என்பதையும் நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். சாமிநாதையரின் தந்தையார் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர்; தாமும் இசைச் சூழலில் வளர்ந்தவர். சொல்லொன்றின் வேறுபாட்டை அடிக்குறிப்பில் இட்டுவைக்கத் தவறாத அத்தலைமுறையின் விழிப்பு, மெட்டைப் பொறுத்தவரை தமிழில் எவருக்கும் முறையான தொழிலாக அமையவில்லை.

முதலில் ஹைடன் பதிப்பைப் பற்றி. நண்பரிடம் அம்மூவிசைகளின் பழைய அச்சொன்றும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லைப்சிக் பதிப்பின் மறு அச்சு. அதில் முதலாவதாக இடம்பெறுவது ஜீ மேஜர் சுருதியில் அமைந்த, நாடோடி இசைச் சாயலுள்ள இறுதிப் பகுதியாற் புகழ்பெற்ற மூவிசை. அதே உருப்படி ஹோபோக்கன் என்பார் தொகுத்த பட்டியலில் 25 ஆம் எண்ணையும் லாண்டனின் பதிப்பில் 39 ஆம் எண்ணையும் பெறுகின்றது. அது 1795 ஆம் ஆண்டளவில், ஹைடன் லண்டனில் தங்கியிருந்த காலத்தில் எழுந்தது. பழைய பதிப்பாளர் விற்பனைக்கு உகந்ததை முன்னே வைத்தார். லாண்டன் காலவரிசையைப் பின்பற்றினார். எண் மாறியதனால் இசை மாறவில்லை. ஆயினும் ஓர் ஆசிரியரின் வளர்ச்சியை அறிய விழையும் மாணவனுக்கு முதலாவது முறை தவறான வரலாற்றையே கற்பிக்கும்.

இதனினும் முக்கியமானது பக்கத்தின் உட்தோற்றம். பழைய அச்சில் வயலின் வில்லை எங்கு இழுப்பது, எவ்விடத்தில் ஒலியைப் பெருக்குவது, எவ்விடத்தில் தணிப்பது என்பவற்றுக்கான குறிகள் நெருக்கமாக உள்ளன. அவற்றுள் எவை ஹைடனுடையவை, எவை பதிப்பாசிரியருடையவை என்று அறிய வழியேயில்லை. இரண்டும் ஒரே மையில், ஒரே பருமனில் அச்சாகியுள்ளன. லாண்டனின் பதிப்பிலோ ஆசிரியர் எழுதியது முழு அச்சிலும், பதிப்பாசிரியர் சேர்த்தது பகர அடைப்புக்குள்ளோ புள்ளிக்கோட்டிலோ தனித்துக் காட்டப்படுகின்றன. ஜெர்மானியர் ‘ஊர்டெக்ஸ்ட்’, அதாவது மூலபாடம், என வழங்கும் நெறி இது. ‘மூலத்தை அப்படியே தருகின்றேன்’ என்னும் வாக்குறுதி இந்நெறியில் ஒருபோதும் முழுமையாக நிறைவேறுவதில்லை. எந்தப் பதிப்பாசிரியரும் தம் கையை முற்றாக விலக்கிக்கொள்ள முடியாது. எந்தக் கை எதைத் தொட்டது என்பதை மறைக்காமற் காட்டுவதே அதன் பயன்.

இந்நெறியினால் விளைந்த ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லாமல் அப்பாற் செல்ல இயலாது. 1780களின் நடுப்பகுதியில் லண்டன் பதிப்பாளர் வில்லியம் ஃபோர்ஸ்டருக்கு ஹைடன் மூன்று மூவிசைகளை அனுப்பினார். அவை ஹைடன் பெயரிலேயே அச்சாகின; உரிமை பற்றிப் பதிப்பாளரிடையே வழக்கும் எழுந்தது. அம்மூன்றனுள் இரண்டு, அவருடைய மாணவரான பிளயெல் இயற்றியவை என்னும் முடிபை ஆதாரங்களுடன் 1961 ஆம் ஆண்டில் அலன் டைசன் என்னும் ஆங்கில ஆய்வாளர் வெளியிட்டார். மேதையெனப் போற்றப்படும் ஒருவர் பிறர் ஆக்கத்தைத் தமதென விற்றார் என்று அச்சில் எழுதுவதற்கு அங்கு எவரும் தயங்கவில்லை. அதனால் ஹைடனின் மதிப்பும் குறைந்துவிடவில்லை. அதே 1961 இலேதான் பிரதர்சினியின் தமிழ்ப் பதிப்பின் முதற் பாகமும் வெளிவந்தது.

பிரதர்சினி உருவான கதை தமிழ்நாட்டுப் பதிப்பு வரலாற்றின் துயரமான பக்கங்களுள் ஒன்று. அதன் தொடக்கத்தில் நிற்பவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். கிறித்தவர், சென்னை அரசாங்கத்திற் பணிபுரிந்தவர். தென்னிந்திய இசை எழுதப்படாமலே அழிந்துவிடும் என்று அஞ்சி, தியாகராசரின் மாணவ பரம்பரையைச் சேர்ந்த வாலாஜாப்பேட்டை கிருஷ்ணசாமி பாகவதர் போன்றோரிடம் பாடல்களைக் கேட்டு, அவற்றை ஐரோப்பிய ஐங்கோட்டுக் குறியீட்டில் எழுதி, 1890களில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு வெளியிட்டார். பொருளும் கரைந்தது, கண்பார்வையும் மங்கியது. தம் முயற்சி தம்மோடு முடிந்துவிடலாகாது என்பதற்காக, முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பச் சொத்தாகிய உருப்படிகளை வெளியிடுமாறு சுப்பராம தீட்சிதரிடம் மன்றாடினார். எட்டயபுரம் சமீன்தார் அச்சுச் செலவை ஏற்றார். இவ்வாறு அரசாங்க ஊழியர் ஒருவரின் பிடிவாதமும், பரம்பரை வித்துவான் ஒருவரின் நினைவாற்றலும், நிலவுடைமையாளர் ஒருவரின் பணமும் கூடியே அந்நூல் பிறந்தது.

முற்போக்கு வாசகர் சிலர் இக்கடைசிக் கூறைக் கண்டதும் நூலையே ஒதுக்கிவிட முனைவதை நாம் அறிவோம். அரண்மனையும் கோயிலும் வளர்த்த இசை எமக்கு எதற்கு என்பது அவர்கள் வினா. ஹைடனும் எஸ்தர்ஹாசிப் பிரபுக்களின் அரண்மனையிற் சம்பளம் பெற்றவரே. அவருடைய மூவிசைகள் புதிதாகச் செல்வம் பெற்ற நகரக் குடும்பங்களின் வரவேற்பறைகளுக்காக எழுதி விற்கப்பட்டவை. ஒரு கலைவடிவத்தின் சமூகத் தோற்றுவாயை அறிவது அதனைச் சரியாக வாசிப்பதற்கே அன்றி வாசியாமல் விடுவதற்கன்று. எட்டயபுரத்தில் வளர்ந்த பாரதியார், 1906 இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது இரங்கற்பா எழுதினார் என்பதையும் ஈண்டு நினைவுகொள்ளலாம்.

நூலின் உள்ளடக்கம் பெரிது. எழுபத்திரண்டு மேளங்களையும் அவற்றின் கிளைகளையும் நிரல்படுத்தி, முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகளையும் கீதம், தானம், பிரபந்தம் முதலியவற்றையும் சுரதாளக் குறிப்புடன் அது தருகின்றது. எமது பொருளுக்கு இன்றியமையாதது அதன் கமகக் குறியீட்டு முறை. பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம் பிறக்கும். அதன் தானம் ஐயத்துக்கு இடமற்றது. தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதன்று. ரிடபத்திலிருந்து எழுந்து மேல்நோக்கி அசைந்து மீளும் ஓர் அசைவே அது. ‘க’ என்று எழுத்தை மட்டும் அச்சிட்டு, அதை அசைவின்றி இசைத்தால் பிறப்பது தோடியன்று. இதனை உணர்ந்த சுப்பராம தீட்சிதர் கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஒரிகை என்பன போன்ற ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனிக் குறி அமைத்துச் சுரத்தின்மேல் இட்டார். இவற்றுட் பல, வீணையின் மெட்டுகள்மீது விரல் தொழிற்படும் முறையை ஒட்டியவை. சென்ற நூற்றாண்டில் தமிழில் வெளிவந்த சுரப்படுத்திய புத்தகங்களிற் பெரும்பாலானவை இத்தகைய குறிகளை முற்றாகக் கைவிட்டு வெறும் எழுத்துகளையே தந்தன. வாங்குவோர் ஆசிரியரிடம் கேட்டு நிறைவுசெய்துகொள்வர் என்பது அவற்றின் எதிர்பார்ப்பு. அவ்வெதிர்பார்ப்பு ஆசிரியரை அணுக முடியாதவனை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

ஹைடன் பதிப்பில் ஐயம் எழுவது வில்லிழுப்பிலும் ஒலியளவிலும். எமது பதிப்பில் ஐயம் எழுவது சுரத்தின் உருவத்திலேயே. குறியீடு எத்துணை வறியதோ அத்துணைக்குப் பதிப்பாசிரியர் இட்டுநிரப்பும் இடமும் மிகும். எனவே தாம் நிரப்பிய இடத்தை அடையாளம் காட்டும் கடப்பாடும் அவருக்கு மிகும். இந்த அளவுகோலைக் கொண்டே தமிழ்ப் பதிப்பை மதிப்பிட விரும்புகின்றோம்.

அதன் பெருமையை முதலிற் கூறிவிட வேண்டும். தெலுங்கு எழுத்தறியாத தமிழ் மாணவர் 1904 இலிருந்து 1961 வரை ஐம்பத்தேழு ஆண்டுகள் இந்நூலை வாயிலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தனர். முழுமையும் கைக்கு எட்ட எழுபத்தொன்பது ஆண்டுகள் சென்றன. பதிப்பாசிரியர் இருவரும் மேடையிற் பாடியவர்கள். எழுத்தைப் பெயர்ப்பதோடு அமையாது சுரத்தைக் கேட்டறியும் காதும் உடையவர்கள். கமகக் குறிகளைக் கைவிடாது தமிழுக்குக் கொணர்ந்தமை அவர்களது பெருந்தொண்டு. அக்குறிகளை எளிமை கருதி நீக்கியிருந்தால் மற்றுமொரு கீர்த்தனைப் புத்தகமே எஞ்சியிருக்கும்.

ஆயினும் இது பெயர்ப்பேயன்றி ஒப்புநோக்குப் பதிப்பு அன்று. 1904 ஆம் ஆண்டின் அச்சைத் தமிழிற் கொணர்வதே அதன் குறிக்கோள். அக்குறிக்கோளுக்கு அப்பால் அது சென்றிலது. இதனாற் சில வினாக்கள் எழாமலே போயின. சுப்பராம தீட்சிதர் பிறந்தது 1839 இல். முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தது 1835 இல். அவர் இவர் பாடக் கேட்டதேயில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலும் தம்மைத் தத்தெடுத்து வளர்த்த பாட்டனாருமாகிய பாலுசுவாமி தீட்சிதர் வழியாகவே உருப்படிகள் அவரை வந்தடைந்தன. ஆகவே பிரதர்சினி தருவது ஒரு குடும்பக் கிளையின் பாடம். அது மிக மதிப்பு வாய்ந்த பாடம் என்பதில் ஐயமில்லை. அதுவே ஒரே பாடம் என்று கொள்வதற்குத்தான் ஆதாரமில்லை.

ஏனெனில் வேறு கிளைகளும் இருந்தன. சுத்த மத்தளக் கலைஞரான தம்பியப்பன் தீட்சிதரின் நேர் மாணவர். அவரிடமிருந்து சாத்தனூர் பஞ்சநத ஐயர் கற்றார். அவரிடமிருந்து வீணை தனம்மாள் (1867–1938) கற்றார். தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா அம்மரபை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாடிவந்தார். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரும் தீட்சிதரிடம் பயின்றவர்களே. கோயில்களில் நாகசுரம் வாசித்தோரும் அவ்வுருப்படிகளைத் தம்வழிக் காத்தனர். இவர்களிற் பெரும்பாலோர் இசைவேளாளர் குலத்தினர். தனம்மாளின் குடும்பத்தில் மரபைக் காத்தவர்கள் பெண்கள். அச்சேறிய பாடம் குடும்ப வழிவந்த ஆண் வித்துவானுடையது. அச்சேறாத பாடங்கள் தேவதாசி மரபினரும் நாகசுரக்காரரும் நட்டுவனாரும் காத்தவை. இவ்வேறுபாடு தற்செயலானது என்று சமூகவியல் நோக்குடைய எவரும் கருதார். தமிழ்ப் பதிப்பு வெளிவந்துகொண்டிருந்த அந்த இருபத்திரண்டு ஆண்டுகளிற் பெரும்பகுதியும் பிருந்தா சென்னையில் வாழ்ந்தார். அவருடைய பாடம் இன்ன இடத்தில் இவ்வாறு வேறுபடுகின்றது என்று அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்த்திருப்பின் அப்பதிப்பின் பயன் பன்மடங்கு பெருகியிருக்கும்.

ஆசிரியர் உரிமை பற்றியும் இதுவே நிலை. பிரதர்சினியில் உள்ளவை 229 கீர்த்தனைகள். பின்னர், கல்லிடைக்குறிச்சி வீணை சுந்தரம் ஐயர் வெளியிட்ட ‘தீட்சித கீர்த்தன மாலை’ முதலியவற்றின் வழியாகத் தீட்சிதர் பெயரில் வழங்கும் உருப்படிகள் நானூற்றையும் கடந்தன. கூடியவற்றுள் எவை அவருடையவை என்பதை ஆராய்வது பத்தியின்மை என்று கருதப்படுகின்றது. அவ்வாறே வேங்கடமகியின் பெயரால் பிரதர்சினி தரும் இராக இலக்கணங்களிற் பல, பதினேழாம் நூற்றாண்டினரான அவருக்குப் பிற்பட்ட ஒருவருடையவை எனப் பின்வந்த ஆய்வாளர் கொள்வர். ஹைடனின் இரு மூவிசைகள் பிளயெலினுடையவை எனச் சொல்ல முடிந்த துணிவு எமக்கு இன்னும் வரவில்லை.

இத்துணிவின்மை வடமொழி, தெலுங்குப் பாடல்களோடு நின்றுவிட்டதென எண்ணவேண்டா. 1940களில் எழுந்த தமிழிசை இயக்கம் எதை மொழியிற் பாடுவது என்னும் வினாவை உரத்து எழுப்பியது, அவ்வினா நியாயமானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் தொகுதி தொகுதியாக வெளியிட்டமையும் போற்றற்குரியது. ஆயின் மெட்டு மறைந்துபோன பழம்பாடல்களுக்குப் புதிய மெட்டு அமைக்கும் வழக்கமும் அக்காலத்திலேயே வேரூன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டினரான அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் சில இன்று அரங்குகளில் ஒலிக்கும் மெட்டு, அரியக்குடி இராமானுச ஐயங்கார் அமைத்தது. அம்மெட்டுகள் அழகியவை, அவற்றை நாமும் விரும்பிக் கேட்கின்றோம். கேட்போரிற் பெரும்பாலோர் அவை கவிராயர் காலத்தவை என்றே நம்புகின்றனர் என்பதுதான் எமது குறை. பழைய லைப்சிக் பதிப்பில் இரண்டு கைகளின் மையும் கலந்தது போன்றே இங்கும் இரண்டு நூற்றாண்டுகள் கலந்துவிட்டன. புது மெட்டை அமைத்தவருக்கும் இதனால் உரிய புகழ் கிட்டவில்லை.

இனி ஈழத்துக்கு வருவோம். இங்கு பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் முதற் பேராசிரியரான விபுலாநந்த அடிகள், 1947 இல் வெளிவந்த யாழ்நூலில் சிலப்பதிகார இசையைக் கணக்கினால் மீட்டெடுக்க முயன்றார். சுரக்குறிப்பு எதுவும் எஞ்சாத இடத்தில் கணிதத்தை ஊன்றுகோலாகக் கொண்ட முயற்சி அது. அடிகளுக்குப் பின் பேராதனைத் தமிழ்த்துறை இசையிலிருந்து சொல்லுக்கே மீண்டும் திரும்பியது என்று கூறினால் மிகையாகாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்கு அளித்த புத்துயிர் பெரிது. ‘அலங்கார ரூபன் நாடகம்’ (1962) முதலிய பதிப்புகள் அழியவிருந்த கூத்து நூல்களைக் காத்தன. ஆயினும் ஓர் அண்ணாவியார் வாயில் ‘தரு’ என்பது உயிருள்ள மெட்டு. அச்சில் அது ஒரு தலைப்பு மட்டுமே. மெட்டை அறிந்தவனுக்கு அத்தலைப்புப் போதும். அறியாதவனுக்கு அது பெயர்ப்பலகை மாத்திரமே.

பேராசிரியர் க. கைலாசபதியின் ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ பற்றிய ஆங்கில நூல் 1968 இல் ஒக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. யூகோசிலாவியப் பாணர்களின் வாய்மொழிப் பாடல்களைப் பதிவுசெய்த மில்மன் பரியின் ஆய்வுமுறையைச் சங்கச் செய்யுளுக்குப் பொருத்திப் பார்த்த நூல் அது. அதன் செல்வாக்கிலே வளர்ந்த தலைமுறையினர் நாம். பரியின் ஒலிப்பதிவுகளுக்கு மற்றுமொரு பயனும் உண்டாயிற்று என்பதை எம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? அவற்றிலுள்ள எழுபத்தைந்து பாடல்களை ஹங்கேரிய இசையாசிரியர் பேலா பார்டோக் தம் வாழ்வின் இறுதியாண்டுகளில் கேட்டுக் கேட்டு எழுதினார். அல்பேட் லோர்ட் என்பாரோடு இணைந்து அவர் ஆக்கிய நூல் 1951 இல், அவர் மறைந்த பின், வெளிவந்தது. தலைமைச் சுரங்களைப் பெரிய அச்சிலும், அவற்றைச் சுற்றி ஓடும் அசைவுகளைச் சிறிய அச்சிலும் அமைப்பது பார்டோக்கின் முறை. சுப்பராம தீட்சிதர் குறிகளாற் சாதிக்க முயன்றதை அவர் அச்சின் பருமனாற் சாதித்தார். பரியிடமிருந்து சொல்லின் பாதியை நாம் பெற்றுக்கொண்டோம். பார்டோக் எழுதிய மெட்டின் பாதி எமது நூலகங்களுக்கு வந்தும் தமிழாய்வுக்குள் வந்து சேரவில்லை.

இதன் விளைவை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. அலவத்துகொடை வழியாகச் செல்லும் வடக்கு வீதி, கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கால்நடையாகக் கண்டியை நோக்கி வந்த பாதையின் இறுதிப் பகுதியாகும். நோயாலும் பசியாலும் வழியில் விழுந்தோர் பலர். நடந்தவர்கள் கொண்டுவந்த சொத்துகளுள் பாட்டும் ஒன்று. தோட்டத்திற் பிறந்து தொழிற்சங்கத்தில் உழைத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அப்பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் மறைவின் பின் 1987 இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாயின. அத்தொகுதி இல்லையெனில் எமக்கு எதுவுமே இராது. எனினும் மாசியில் ஆடும் காமன் கூத்தின் பாட்டை அதன் தப்பொலியின்றியும், பொன்னர் சங்கர் கதையை அதன் உடுக்கின்றியும், தாலாட்டை அதன் இழுவையின்றியும் நாம் இன்று வாசிக்கின்றோம். வாசித்து, ‘எளிமையான பாடல்கள்’ என்று வகுப்பறையிற் கூறுகின்றோம். மெட்டை நீக்கி அச்சிட்டவர்கள் நாம். எளிமை என்ற பட்டம் பாடியவர்களுக்கு.

இக்கூற்றைச் சோதிக்க எண்ணி, நண்பரும் நாமும் அலவத்துகொடைக்கு அப்பாலுள்ள தோட்ட லயமொன்றில் வாழும் மூதாட்டி ஒருவரிடம் சென்றோம். கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். அவர் பாடிய தாலாட்டொன்றைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்தோம். சொற்களை எழுதினால் எட்டு வரி. பாடியதோ நான்கு நிமிடத்துக்கு மேல். சரிபார்ப்பதற்காக மீண்டும் பாடுமாறு கேட்டபோது மூன்றாம் வரியின் மெட்டு மாறியிருந்தது. நாம் அதைச் சுட்டியதும், “திரும்பவும் அதே மாதிரி பாட நான் என்னா ரேடியோப் பெட்டியா தம்பி?” என்று சிரித்தார். பதிப்பியலில் எமக்கிருந்த மயக்கத்தை அவ்வொரு வினா தெளிவித்தது. ஹைடன் பதிப்பாசிரியர் பல சான்றுகளிலிருந்து ஒரு மூலத்தை நோக்கிச் செல்கின்றார். இங்கு அத்தகைய ஒரு மூலம் இல்லை. இரண்டு முறை பாடியவையும் இரண்டு பாடங்கள். ஒன்றை மேலே அச்சிட்டு மற்றையதை அடிக்குறிப்புக்குத் தள்ளுவதற்கு எமக்கு உரிமையில்லை. இரண்டையும் மேலும் கீழுமாக ஒரே பக்கத்தில், ஒரே பருமனில் இடவேண்டும் எனத் தீர்மானித்தோம்.

எழுத முற்பட்டபோது நண்பரின் ஐங்கோட்டுத் தாளும் போதவில்லை, எமது ‘ஸ ரி க ம’வும் போதவில்லை. நண்பர் பார்டோக்கின் வழியிற் சிறு சுரங்களை எழுதினார். நாம் பிரதர்சினியின் ஏற்ற ஜாருக் குறியையும் இறக்க ஜாருக் குறியையும் கடன்வாங்கினோம். வீணைக்கென அமைந்த குறிகள் லயத்துத் தாலாட்டுக்கு ஓரளவு பொருந்தியது எமக்கே வியப்பாக இருந்தது. கம்பிதக் குறி பொருந்தவில்லை. மூதாட்டியின் அசைவு அதனினும் மந்தமானது. நாம் பதினோரு இடங்களில் உறுதியின்றி இருந்தோம். அவற்றை லாண்டனைப் பின்பற்றிப் புள்ளிக்கோட்டால் அடையாளமிட்டோம்.

அவற்றுள் ஒன்று இரண்டு பாடங்களிலும் ஒரே இடத்தில் வந்தது. நான்காம் வரிக்கு முன் மூதாட்டி சுரத்தைப் பாதியில் நிறுத்தி, சில கணம் மௌனமாக இருந்து, பின் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். மூச்சுக்காக நிறுத்தினாரா, முதுமையின் தளர்ச்சியா, அன்றிப் பாட்டின் உறுப்பேதானா என்று எம்மால் துணிய முடியவில்லை. நண்பர் மூச்சு என்றார். நாம் தளர்ச்சி என்றோம். அடுத்த கிழமை சென்று அவரிடமே கேட்டோம். “அந்த எடத்துல புள்ள தூங்கிருச்சான்னு பாக்கணும்ல. தூங்கியிருந்தா அதோட விட்டுறலாம். முழிச்சிருந்தாத்தான் மிச்சம்” என்றார். அன்றிரவு அவ்விடத்திலிருந்த புள்ளிக்கோட்டை அழித்து முழுக்கோடாக்கினோம்; நான்காம் வரி முதல் எஞ்சிய பகுதியனைத்தையும், ‘வேண்டின் மட்டும் பாடப்படுவது’ என்னும் குறிப்புடன், தனியே பிரித்து எழுதினோம்.